கணுக்கால் ஆழம்

காலையில் எழுந்ததும் தராசில் ஏறி நிற்பது தனிஸ்லாஸுக்குப் பிடித்த வேலை. முள் சோம்பலாக நகர்ந்து இருபதில் நிற்கும். இருபது கிலோ. அந்த எண்ணை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டுத்தான் அவர் பல் துலக்கப் போவார்.

சனிக்கோளைச் சுற்றும் டைட்டன் நிலாவில் இது அதிசயமில்லை. பூமியில் ஏழு கிலோ காட்டும் பொருள் அங்கே ஒரு கிலோதான் காட்டும். பூமியில் தனிஸ்லாஸ் நூற்று நாற்பது கிலோவுக்கும் மேல். தூத்துக்குடிப் பேருந்தில் மூவர் இருக்கையில் அவர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் எழுந்துவிடுவார். கல்யாணப் பந்தியில் "உடம்பைக் குறைங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு வைப்பார்கள். டைட்டனில் ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தில் சம்பளத்தை அவர் இரண்டாவதாகத்தான் பார்த்தார். முதலில் பார்த்தது ஈர்ப்பு விசையை.

கரைநகர் என்பது அந்தக் குடியிருப்பின் பெயர். இருநூறு பேர். முன்னால் கடல். ஆனால் அது நீர்க்கடல் இல்லை. நம் அடுப்பில் எரியும் வாயுவுக்கு நெருங்கிய உறவான மீத்தேனும் ஈத்தேனும் அங்கே கொட்டும் குளிரில் திரவமாகி, கண்ணாடிபோலப் பளபளத்துக் கிடக்கும். வானம் எப்போதும் ஆரஞ்சு. காற்று இருக்கிறது, ஆனால் சுவாசிக்க ஆகாது. வெளியே போக வெப்பாடை வேண்டும். தலைமுதல் கால்வரை மூடிய, உள்ளே சூட்டுக்கம்பிகள் ஓடும், பூமிக் கணக்கில் அறுபது கிலோ உடுப்பு அது.

தனிஸ்லாஸின் வேலை குழாய் அழுத்த நிலையத்தில். ஒரு பணிமுறைக்கு ஒரு ஆள் போதும் என்பதால் அவர் ஒருவர்தான். வேலை முடிந்து அறைக்கு வந்தால் அங்கேயும் அவர் ஒருவர்தான். ஜன்னல் வழியே கடல் தெரியும். கடலில் மற்ற எல்லாரும் தெரிவார்கள்.

கரைநகரில் சாயங்காலம் என்றால் துடுப்புப் பலகைதான். ஆளுக்கொரு நீளப் பலகையில் நின்றபடி, உயரமான ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போவார்கள். பனிப்பாறை வளைவுக்கு அருகே வட்டமாக நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். வெப்பாடையில் உள்ள அணுக்கப்பேசி, பக்கத்தில் இருப்பவரோடு பேசும் கருவி, இருபதடிக்கு மேல் எட்டாது. அதனால் அவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது ஜன்னலில் தெரியுமே தவிர, எதற்குச் சிரித்தார்கள் என்பது தெரியாது.

அவர்கள் நிற்கும் அழகு தனி. பலகை கண்ணுக்கே தெரியாது. திரவத்துக்கு அடியில் அமிழ்ந்திருக்கும். கணுக்கால் வரை கடலுக்குள் இருக்க, கடல்மேலேயே நடந்து போகிறார்கள் என்று தோன்றும். பெரிய பயிற்சி வேண்டும்போல என்று தனிஸ்லாஸ் நினைத்துக்கொள்வார்.

வந்து இரண்டு வருடம் ஆகியும் அவர் பலகை வாங்கவில்லை. ஒப்பந்தக் காலத்துக்கு ஒருவருக்கு ஒரு பலகைதான். டைட்டனின் தூசியைப் பிசைந்து செய்யும் நுரைக்கட்டி அரிதான பொருள். தவறான பலகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மிச்சக் காலம் முழுவதும் ஜன்னல்தான். அந்தப் பயத்தில் தேர்ந்தெடுக்காமலே இருந்தார். அப்போதும் ஜன்னல்தான் என்பது ஒருநாள் உறைத்தது. பட்டறைக்குப் போனார்.

பட்டறையில் ஆள் கிடையாது. பலகைகளை வார்த்துக் கொடுக்கும் எந்திரம் மட்டும் உண்டு. வார்ப்பி என்பார்கள்.

"முதல் பலகையா? மகிழ்ச்சி!" என்றது வார்ப்பி. அதற்கு விளக்கிச் சொல்வதில் தனி ஆசை. "உங்கள் நிறை எவ்வளவு?"

"இருபது கிலோ."

"அது இங்குள்ள தராசு காட்டுவது. எனக்கு வேண்டியது உங்கள் உடம்பில் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது. பூமித் தராசு காட்டிய எண்ணைச் சொன்னால் போதும். வெப்பாடையின் பாரத்தை நானே சேர்த்துக்கொள்வேன்."

"அது எதுக்கு? இங்கதான் நான் லேசாயிட்டேனே?"

"மிதப்பதற்கு அது உதவாது. பலகை அமிழும்போது கொஞ்சம் திரவத்தை ஒதுக்கித் தள்ளுகிறது. அந்தத் திரவம் தன் இடத்துக்குத் திரும்பப் பார்த்துப் பலகையை மேலே முட்டுகிறது. அந்த முட்டுதல்தான் மிதப்பு. உங்களைக் கீழே இழுக்கும் விசை இங்கே ஏழில் ஒன்று. சரி. ஆனால் திரவத்தைக் கீழே இழுத்து, அதை முட்ட வைப்பதும் அதே விசைதானே? அதுவும் ஏழில் ஒன்றாகிவிட்டது. இரண்டும் சரிக்குச் சரி."

தனிஸ்லாஸ் சற்று யோசித்தார். "அப்போ ஊர்ல எப்படியோ இங்கயும் அப்படித்தானா?"

"அதைவிடக் கொஞ்சம் கஷ்டம். கடல்நீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் தாங்கும். இந்தத் திரவம் மெலிந்தது. லிட்டருக்கு அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஊரில் தேவைப்படும் பலகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இங்கே தேவை."

நூறு கோடிக் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்திருக்கிறார். இங்கே அவர் முன்னைவிடச் சீக்கிரம் மூழ்குவார். தனிஸ்லாஸுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்" என்றது வார்ப்பி. "நுரை அரிது. நீங்கள் சொல்லும் நிறைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் வார்ப்பேன். ஒரு பிடிகூட அதிகம் போடமாட்டேன்."

தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது. எந்திரத்தைத் தவிர யாருமில்லை. அப்படியும் குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையைச் சொன்னார். நூற்று நாற்பத்திரண்டு.

"நன்றி. அச்சைச் சூடேற்ற வேண்டும், சற்றுப் பொறுங்கள். பெரிய உடலுக்கான அச்சை இதுவரை யாரும் கேட்டதில்லை."

இருநூறு பேரில் ஒருவர்கூடவா? அவருக்கு முகம் சிறுத்துவிட்டது. வார்ப்பி அதைக் கவனிக்காமல் உற்சாகமாக, ஒரே லிட்டர் அளவுள்ள மூன்று வடிவங்களை ஒளியால் வரைந்து காட்டியது. முதலாவது நீண்டு ஒடுங்கியது. வேகமாகப் போகும், திசை பிசகாது. இரண்டாவது குட்டையாக, தடிமனாக இருந்தது.

"இதுலயும் லிட்டர் சரியா இருக்கே? தூக்கிட்டுப் போகவும் வசதி" என்றார்.

"லிட்டர் சரி. ஆனால் தடிமன் கூடினால் நீங்கள் முக்காலிமேல் ஏறி நிற்பதுபோல் உயர்ந்துவிடுவீர்கள். பெரிய உடல் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் பாரம் வெகுதூரம் வெளியே போகிறது. அதைப் பிடித்து நிறுத்துவது தடிமன் அல்ல, அகலம். மூன்றாவதைப் பாருங்கள். நான்கு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரைச் சாண் தடிமன். இதன்மேல் நீங்கள் தும்மலாம்."

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

கடலில் இறக்கியபோது பலகை ஒரு இலைபோல மிதந்தது. முதலில் முழங்காலிட்டார். பிறகு ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்தார். பலகை அசையவில்லை. துடுப்பை முன்னே ஊன்றி இழுத்தார். கரை பின்னால் போயிற்று. அலை வந்தது, டைட்டன் அலை உயரமாக, மெதுவாக, தூக்கத்தில் நடப்பதுபோல வந்து அவரைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. பனிப்பாறை வளைவை நெருங்க, காதில் கரகரத்து, திடீரென்று மனிதக் குரல்கள் கேட்டன. இரண்டு வருடமாகத் தோள் குலுங்கலாக மட்டும் பார்த்த குரல்கள்.

"ஏ, அங்க பாருங்கவே! யாரோ கட்டிலோட வாராங்க!"

சொன்னவர் இசக்கியப்பன். சுரங்கப் பிரிவின் மேற்பார்வையாளர். வட்டம் முழுவதும் சிரித்தது.

"தனிஸ்லாஸ் அண்ணாச்சியா? தலகாணி எங்க அண்ணாச்சி?" என்று அவரே தொடர்ந்தார்.

"கால் நனையவே இல்லையே" என்றாள் ரெஜினா. உணவுத்தோட்டத்தில் வேலை செய்பவள். "புதுசா பழகுறவங்க இப்படித்தான் மேல நிப்பாங்களோ?"

"போகப் போக எறங்கிருவாரு, விடு" என்றார் இசக்கியப்பன்.

தனிஸ்லாஸும் சிரித்துவைத்தார். வட்டத்தில் சேரலாமென்று நெருங்கினார். மற்றவர்களின் பலகைகள் திரவத்துக்குள் இருந்தன. இவருடையது மேலே இருந்தது. அகன்ற விளிம்பு ரெஜினாவின் காலில் இடித்தது.

"அண்ணே, முட்டுது. கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன்."

தள்ளி நின்றார். எல்லாரையும்விட ஒரு சாண் உயரத்தில், கூட்டத்தில் பேச வந்தவர்போல, தனியாக. பேச்சு தொடர்ந்தது. உயரத்தில் நின்றதால் ஒவ்வொருவரையும் நன்றாகப் பார்க்க முடிந்தது. இசக்கியப்பனின் வெப்பாடை இடுப்பில் பிதுங்கிக்கொண்டிருந்தது. இடுப்புப் பட்டை கடைசித் துளையில் இருந்தது.

"வார்ப்பிகிட்ட எவ்வளவு சொன்னிய?" என்று கேட்டார் தனிஸ்லாஸ்.

"அறுபத்தஞ்சு. ஏன்?" கண்ணிமைக்காமல் சொன்னார் இசக்கியப்பன்.

"எனக்கு அம்பது" என்றாள் ரெஜினா, யாரும் கேட்காமலே.

தனிஸ்லாஸ் குனிந்து கால்களைப் பார்த்தார். குழாய் அழுத்தம் பார்க்கிறவருக்குக் கணக்குத் தானாக ஓடும். நுரை குறைந்த அளவுக்குக் கால்கள் திரவத்துக்குள் இறங்கி ஈடுகட்டின. கணுக்கால் வரை அமிழ்ந்தால் ஐந்து கிலோ பொய். ஆடுசதை வரை என்றால் பத்து. வட்டம் முழுவதும் ஒவ்வொரு காலும் ஒரு பொய்யை அளந்து காட்டிக்கொண்டிருந்தது. அவர் இத்தனை நாள் பயிற்சி என்று நினைத்தது இதைத்தான். அவர்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணாச்சி சிரிக்கிய?" என்றார் இசக்கியப்பன்.

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம் போதும். பிறகு இந்தக் கடலில் அவரோடு பேச யார் இருப்பார்கள்?

"ஒண்ணுமில்ல" என்றார்.

மறுநாள் வேலை முடிந்ததும் கரையோரமாகப் போனார். டைட்டனின் கூழாங்கற்கள் உண்மையில் பனிக்கட்டிகள். அந்தக் குளிரில் கருங்கல்போல இறுகியவை. அவற்றைப் பொறுக்கி வலைப்பையில் போட்டு, யாருக்கும் தெரியாமல் பலகைக்கு அடியில் கட்டினார். பலகை இறங்கவே இல்லை. யோசித்தபோது புரிந்தது. திரவத்துக்குள் தொங்கும் கல்லையும் திரவம் முட்டித் தூக்குகிறது. கல்லின் பாரத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. அப்படியானால் இரண்டரை மடங்கு கல் வேண்டும். மூச்சு வாங்க வாங்கப் பொறுக்கினார். பிறந்ததிலிருந்து குறைக்கச் சொல்லப்பட்ட மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாகப் பாரம் தேடி அலைந்தார்.

கொஞ்சம் அதிகமாகவே கட்டிவிட்டார். ஆடுசதைக்கும் மேலே, முழங்கால் வரை இறங்கிவிட்டது. துடுப்புப் போடுவது சேற்றில் நடப்பதுபோல இருந்தது. பலகை லேசான அலைக்கும் தள்ளாடியது. ஆனால் வட்டத்தை நெருங்கியபோது அவருடைய பலகை மற்றவர்களின் பலகைகளுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. எதிலும் முட்டவில்லை.

"அடேயப்பா!" என்றார் இசக்கியப்பன். "முழங்கால் வரைக்கும்லா நிக்காரு! ஒரே நாள்லயா அண்ணாச்சி?"

"எப்படிண்ணே? எங்களுக்கு இத்தனை வருசத்துல ஆடுசதை தாண்டலையே!" என்றாள் ரெஜினா. அவள் கை அவர் தோளில் விழுந்தது. இன்னொரு பக்கம் இசக்கியப்பனின் கை. இரண்டு வெப்பாடைகளின் தடிப்பையும் மீறி அந்தப் பாரம் தெரிந்தது.

அன்றைய பேச்சு யாரோ ஒருவருடைய மச்சான் கல்யாணத்தைப் பற்றி இருந்தது. தனிஸ்லாஸுக்குப் பாதிதான் கேட்டது. சூட்டுக்கம்பிகள் காலடியில் திணறிக்கொண்டிருந்தன. விரல்கள் மரத்துவிட்டன.

"கால் விறைக்கலியா உங்களுக்கெல்லாம்?" என்று மெல்லக் கேட்டார்.

வட்டத்தில் சிலர் கால் மாற்றி நின்றார்கள்.

"இல்லையே" என்றார் இசக்கியப்பன்.

"இல்லண்ணே. உங்களுக்கு?" என்றாள் ரெஜினா.

"எனக்கும் இல்ல."

அடுத்த நாள் வலை அவிழ்ந்து கற்கள் கடலில் போய்விட்டிருந்தன. புதிதாகப் பொறுக்க வேண்டும். கரைக்குப் போனார். வழக்கமாகக் கற்கள் குவிந்து கிடக்கும் இடம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஆரஞ்சு மங்கலில், சற்றுத் தள்ளி, குண்டான ஓர் உருவம் குனிந்திருந்தது. அதற்கப்பால் இன்னொன்று. இன்னும் தள்ளி, பாறை மறைவில், மூன்றாவது. ஒருவரை ஒருவர் பார்க்காத தூரத்தில், ஆளுக்கொரு வலைப்பையோடு, கரைநகர் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

காலடி அதிர்வில் முதல் உருவம் திடுக்கிட்டு நிமிர்ந்தது. இசக்கியப்பன். பையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சும்மா… ஒரு நடை நடக்கலாம்னு வந்தேன், அண்ணாச்சி."

"நானும்தான்" என்றார் தனிஸ்லாஸ்.

இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். பிறகு இசக்கியப்பன் கிழக்கே நடந்தார், தனிஸ்லாஸ் மேற்கே நடந்தார், கற்கள் இருக்கும் இடம் தேடி.