ஜபீனுக்கு எழுதிய பக்கம்

கும்மிடிப்பூண்டி நிலையத்தில் மாலை ரயில் புறப்படக் காத்திருந்தது. மழைக்கு அஞ்சி ஓடிவந்து ஏறிய ஜபீனின் குடை, சன்னலோர இளைஞனின் மடிக்கணினியில் சொட்டிவிட்டது.

"ஐயோ, மன்னிச்சிடுங்க!"

"ஏற்கெனவே இது பேஜாரு பண்ணிக்கினு இருக்குது. இதுல மழை வேறயா?" என்று நிமிர்ந்தான் அவன். அந்தக் கண்கள்... கோபிக்கவும் தெரியாத கண்கள்!

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். ஆலையொன்றின் கணினிப் பிரிவில் பணிபுரிபவளாயிற்றே!

"வெப்சைட் பண்றதுக்கு எக்ஸ்பிரஸ் கத்துக்கிறீங்களா? சர்வர் ஓடுது. ஆனா, யாரு எந்தப் பக்கம் கேட்டா இன்னா குடுக்கணும்னு நீங்க எழுதவே இல்லியே. பாவம், அது இன்னா பண்ணும்?"

அவன் பெயர் ரிஜ்வான். வால்வு ஆலையில் மேற்பார்வையாளன். பழவேற்காட்டில் வாப்பா நடத்தும் இறால் கடைக்கு இணையத்தில் ஆர்டர் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. அன்று முதல், அவன் இறங்கும் பொன்னேரி வரை நாள்தோறும் பாடம் நடந்தது. அவன் பிழை செய்வான்... அவள் சிரிப்பாள்...

ஒரு ஞாயிறன்று அவள் கைபேசிக்குச் செய்தி வந்தது. 'உங்களுக்காக ஒரு பக்கம் எழுதியிருக்கேன். புடிக்கலன்னா பதில் போட வேணாம்.' அதன் கீழிருந்த முகவரி, 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கியது!

அது அவனுடைய கணினியில் மட்டுமே திறக்கும் முகவரி. அவள் கைபேசியில் வெற்றுத்திரைதான் வந்தது. நாளை நேரில் கிண்டல் செய்யலாம் என்று சிரித்தபடியே வைத்துவிட்டாள்.

மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த நாளும்... வேறு பெட்டியில் ஏறுகிறான் என்றாள், உடன் பணிபுரியும் விக்டோரியா. மௌனத்தையே மறுப்பாகக் கொண்டுவிட்டானா? ஒருநாள்கூடப் பொறுக்க மாட்டானா? வலியச் சென்று கேட்க அவளுடைய தன்மானம் இடந்தரவில்லை. ஆயினும் அந்தச் சன்னலோரத்தைக் காணும்போதெல்லாம் நெஞ்சு கனத்தது. என்னதான் எழுதியிருந்தான்...?

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் உத்தரவு வந்தது. திங்கள் முதல் அவளுக்கு ஓசூர் கிளையில் பணி.

தன்மானம் தோற்றது. பெட்டி பெட்டியாகத் தேடினாள். கடைசிப் பெட்டியில் இருந்தான்.

"இன்னா ரிஜ்வான், ஒளிஞ்சிக்கினு போறீங்க?"

"நீங்கதான் படிச்சிட்டு ஒண்ணுமே சொல்லலியே..."

"எங்க படிக்கிறது? அது உங்க லேப்டாப்ப தாண்டி வரவே இல்லீங்க!"

அவன் விழித்தான். "அப்போ... இந்த அஞ்சு நாளா..."

"அஞ்சு நாளா, இன்னா எழுதியிருப்பீங்கன்னு நெனச்சிக்கினே கெடக்குறேன். திங்கக்கெழம ஓசூருக்குப் போறேன். அதுக்குள்ள நான் அத படிக்கணும். லேப்டாப்ப என் போன் ஹாட்ஸ்பாட்ல சேத்துடுங்க, இதுலயும் தெறக்கும்."

அவன் மடிக்கணினியைத் திறந்து சர்வரை ஓடவிட்டான். அவள் தன் கைபேசியில், அவன் கணினிக்குரிய எண் முகவரியைத் தட்டினாள். பக்கம் திறந்தது. ஒரே ஒரு வரி...

'ஜபீன், உங்கள பொண்ணு கேட்டு வாப்பாவ உங்க ஊட்டுக்கு அனுப்பட்டுமா?'

பக்கத்தை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவன் திரையில் ஒரு குறிப்பு விழும். ஒன்று விழுந்தது. பின்னர் இரண்டு... ஐந்து... பதினொன்று...

"எத்தினி வாட்டிங்க படிப்பீங்க?"

"ஞாயித்துக்கெழம எங்க ஊட்ல எல்லாரும் இருப்பாங்க... அனுப்புங்க," என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவன் திரையில் பன்னிரண்டாவது குறிப்பு விழுந்தது.