ஏக்கக் கொக்கி

நவநீதனின் உருள்வீடு பல்லடம் கடைவீதிக்குள் திரும்பி முடிக்க ஒரு முழுக் காலைப்பொழுது பிடித்தது. முகப்பு கொக்கிக் கடை வாசலில் நின்றபோது வால்பகுதி இன்னும் திருப்பூரில்தான் இருந்தது என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்தார்கள். பாதி ஊர் அஸ்திவாரத்தை விட்டுச் சக்கரத்தின் மேல் குடியேறியிருந்த காலம். ஒரே தொல்லை, கொத்தமல்லிக் கட்டு வாங்கக்கூட மொத்த வீட்டையும் ஓட்டிப் போகவேண்டும். அதற்காகவே எல்லோரும் ஒரு சின்னக் காரை, நாலு சக்கரமும் தரையில் உருளும்படி, பின்னால் கட்டி இழுத்தார்கள்.

நவநீதன் இழுக்க நினைத்தது ஒரு மஞ்சள் கார். அவர் மனைவி சௌந்தர்யா ஓட்டியது. "வாசப்படி நின்ன இடத்துல நிக்கோணும், அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்று சொல்லி, எட்டு மாதம் முன்பு பஸ் ஏறி, மாதாமாதம் அந்தக் காரிலேயே போய்வந்த உடுமலைத் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். கார் கணவர் பெயரில் இருந்ததால் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் போனார்.

கடைக்காரி தமிழ்க்கனி முதலில் இரும்புத் தண்டைக் காட்டினாள். "யானையையே இழுக்குமுங்க. ஆனா காருக்குன்னு தனி பிரேக்குப் பெட்டி வாங்கோணும். இல்லீன்னா நீங்க பிரேக் போட்டா காரு உங்க சமையக்கட்டுல வந்து நிக்கும்."

"காந்தக் கயிறு?"

"போற வழியில சைக்கிளெல்லாம் வந்து ஒட்டிக்குமுங்க."

பிறகு உள்ளங்கை அளவில் இரண்டு வில்லைகளை எடுத்து வைத்தாள். ஏக்கக் கொக்கி. ஸ்டியரிங்கில் திருகாணியால் மாட்டினால், அதைப் பிடித்த கைகள் தோலுறையில் விட்டுப்போன ஏக்கத்தை அது அளக்கும். ஏக்கம் கூடுதலான வண்டி, குறைந்த வண்டியின் பின்னால் தானாகப் போகும்; அது நின்றால் நிற்கும்.

"காரு யார் பேர்லீங்க?"

"என் பேர்லதான்! என்னை விட்டு ஒரு நாள் இருக்காது." அந்தக் காரில் அவர் செய்ததெல்லாம் இடப்பக்கம் உட்கார்ந்து "பாத்து, பாத்து" என்றதுதான்.

"எங்கீங்க பயணம், உடுமலைக்கா?"

"காசிக்கு! உடுமலையில எனக்கு யாரு இருக்கா?"

இந்த எட்டு மாதத்தில் ஒன்பது முறை உடுமலைச் சாலை வரை வந்து வீட்டைத் திருப்பியிருந்தார். ஒவ்வொரு திருப்பலுக்கும் இரண்டு மாவட்டம் தேவைப்பட்டது.

வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று என வில்லைகளைத் தமிழ்க்கனி மாட்டிக் கொடுக்க, நால்ரோட்டில் நவநீதன் வடக்கே ஒடித்தார். பின்னால் நின்ற மஞ்சள் கார் நிதானமாக அவரைச் சுற்றி முன்னே வந்து, ஆளே இல்லாமல் தெற்கே இறங்கியது. ஸ்டியரிங் அவர் கையைப் பிடுங்கிக்கொண்டு அதன் பின்னால் திரும்பியது.

"கொக்கியை மாத்தி மாட்டிட்டீங்க!" என்று போனில் கத்தினார்.

"சரியாத்தானுங்க மாட்டியிருக்கு. முன்னால ஓடுற வண்டி பழகின ரோட்டுல போகும். இங்க கடை மீட்டர்ல காரோட ஏக்கம் நாப்பது காட்டுது. உங்க வீட்டோடது..." தமிழ்க்கனி தயங்கினாள். "முள்ளு உடைஞ்சு போச்சுங்க."

உடுமலையில் அந்தக் கார் ஒரு பச்சை கேட்டின் முன் நின்றது. உருள்வீடு தெருவை முழுசாக அடைத்துக்கொண்டு பின்னால் நின்றது. சௌந்தர்யா வெளியே வந்தார். கார் பானெட்டைத் தடவினார்; வீட்டை அண்ணாந்து பார்த்தார்.

"காரை விட்டுட்டுப் போகவா வந்தீங்க?"

"நான் எங்க வந்தேன்? இதுதான் இழுத்துட்டு வந்துச்சு."

"சரி, இருங்க. மார்க்கெட் போயிட்டு வந்தர்றேன்." காரில் ஏறிக் கிளம்பிவிட்டார்.

உடுமலை மார்க்கெட்டில், கொத்தமல்லி வாங்கப் போன ஒரு பெண்மணியின் பின்னால் ஒரு முழு வீடு போய்க்கொண்டிருந்தது. வில்லையைக் கழற்ற ஒரு நிமிஷம் போதும். திருப்புளி நவநீதனின் மடியிலேயே கிடந்தது.