தையலுக்கு விட்ட இடம்

இந்தக் காலத்தில் ஒருவன் ஒரு பொருளை நன்றாகச் செய்துவிட்டால் போதும். நாலு பேர் பாராட்டுவதற்குள் பத்துப் பேர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சொந்தமாக மூளையைக் கசக்க எவனுக்கும் பொறுமை இல்லை. 'இது என்னுடையது' என்று அடித்துப் பேச மட்டும் வெட்கமே இல்லை. கேட்டால் அதற்கு ஒரு காகிதமும் காட்டுகிறான். எனக்குக் காகிதத்தில் நம்பிக்கை கிடையாது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் வெளியே முட்டி போட்டு நின்றேன். ஆனாலும் என் தங்கச்சி கதையை நான் எழுதாவிட்டால் வேறு எவனாவது தன் வீட்டில் நடந்ததாக எழுதிவிடுவான். அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது படகு செய்கிற வீட்டில். வீட்டுப் பின்கதவைத் திறந்தால் பட்டறை. மாப்பிள்ளை ஃபைபர் படகு செய்வதில் கெட்டிக்காரர். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. தங்கச்சி தையல்காரி. ஜன்னலோரம் அவளுடைய மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்.

அன்று காலை மெஷின் ஓடவில்லை. மேஜைமேல் டீ ஆறிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வக்கீலம்மா கொடுத்துவிட்டுப் போன மனு. மாப்பிள்ளை பேனாவைத் திறந்தார்.

"அதுல கையெழுத்துப் போடாதீங்க..." என்றாள் தங்கச்சி.

"ஏன்?"

"போடாதீங்கன்னா போடாதீங்களேன்!"

மாப்பிள்ளையின் அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அந்த அம்மாவுக்கு நாக்கு ஒரு முழம்.

"ஏன் போடக் கூடாது? சொல்லேன் கேப்போம்! என் தம்பி ராப்பகலா உழைச்சுக் கண்டுபிடிச்ச படகை உன் தம்பி திருடி, தன் பேர்ல பதியறதுக்கு மனுப் போட்டிருக்கான். நாம எதிர்மனுப் போட்டு நம்ம பேர்ல பதியக் கூடாதாம்! கூடப் பொறந்த பாசம் பொத்துக்கிட்டு வருதோ?"

"அண்ணி, சத்தியமா அப்படி இல்ல..."

"வேற எப்படி? இதோ நிக்கிறாரே உன் அண்ணன், வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரே வயித்துல பொறந்த மூணு பேரும் கூட்டுச் சேர்ந்துதான் எங்க குடும்பத்தைக் கவுக்குறீங்க!"

நான் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த அம்மா சொன்னதில் பாதி உண்மை. திருடியது எங்கள் கடைக்குட்டிதான். நாற்பது வயதாகி முன்மண்டை வழுக்கையான பிறகும் எங்களுக்கு அவன் கடைக்குட்டி. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. தங்கச்சி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பன்னிரண்டு வயதில் மெஷினில் உட்கார்ந்து, அவனை ஆளாக்கினாள். ஆளானவன் ஆற்றுக்கு அக்கரையில் பட்டறை போட்டான். வேறொருவனை விட்டு மாப்பிள்ளையிடம் ஒரு புதுப் படகு வாங்கினான். அதைக் கவிழ்த்துப் போட்டு, மெழுகு தடவி, மேலே நார்ப்பாயும் பிசினும் பூசி, காய்ந்ததும் உரித்தெடுத்தான். முடிந்தது வேலை. அச்சு தயார். இரண்டு வருஷ உழைப்பை இரண்டு வாரத்தில் உரித்துக்கொண்டு போய்விட்டான். அது போதாதென்று, அந்த வடிவமே தன்னுடையது என்று பதிவு அலுவலகத்தில் மனுவும் போட்டுவிட்டான். அவன் பேரில் பதிவாகிவிட்டால் மாப்பிள்ளை தன் படகைத் தானே செய்ய முடியாது. பட்டறையை மூட வேண்டியதுதான்.

படகின் அடிப்பக்க வடிவத்தைப் பதிந்து பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வக்கீலம்மா முந்தின நாள் விரலை வைத்து வாசித்துக் காட்டினாள். வடிவம் புதிதாக இருக்க வேண்டும். வெளியே காட்டி இரண்டு வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. நம் படகு வெளியே வந்து இருபது மாதம்தான், அதனால் தப்பித்தோம். கடைசியாக ஒரு வரி: உருவாக்கியவர் என்ற இடத்தில் உண்மையாகவே உருவாக்கியவரின் பேர் இருக்க வேண்டும். தெரிந்தே பொய்ப் பேர் கொடுத்தால் பதிவு செல்லாது. அந்த வரியைக் கேட்டதும் தங்கச்சியின் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன்.

இப்போது மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"உன் தம்பி ஜெயிக்கணும்னு நினைக்கிறியா?"

"ஐயோ... நீங்களுமா?"

"அப்ப காரணத்தைச் சொல்லு."

அவள் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டாள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். அந்தப் படகின் வடிவத்தைச் செய்தது மாப்பிள்ளை இல்லை. தங்கச்சி.

அதற்கு முந்தைய படகு அலையில் படார் படாரென்று அடித்தது. வாங்கினவன் அதைத் திருப்பிக்கொண்டு வந்து, பட்டறை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், "உனக்குக் கை போயிடுச்சுய்யா, வேற தொழில் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். மாப்பிள்ளை அன்றைக்குப் படுத்தவர்தான். மூன்று மாதம் சவரம் இல்லை, சோறு இல்லை, பட்டறைப் பக்கம் தலை வைக்கவில்லை. அடுத்த படகுக்காக மரத்தாலும் பூச்சாலும் அவர் செய்து வைத்திருந்த முழு அளவு மாதிரி பாதியில் நின்றது. அந்த மாதிரி மேல்தான் அச்சு எடுக்க வேண்டும்.

மத்தியானத்தில் ஆட்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் தங்கச்சி பட்டறைக்கு வருவாள். கையில் சட்டை வெட்டுகிற பழுப்புத் தாள், குண்டூசி, கத்தரிக்கோல். கவிழ்ந்து கிடக்கிற மாதிரியின் வயிற்றில் தாளைச் சுற்றி ஒட்டிப் பார்ப்பாள். மடிப்பாள், ஊசி குத்துவாள், பிரிப்பாள், மறுபடி மடிப்பாள். "அண்ணே, இங்க கொஞ்சம் பூச்சு குழைச்சுக் குடு" என்பாள். நானும், இவளுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே குழைத்துக் கொடுத்தேன். அப்படி எழுபது மத்தியானம்.

பிறகு ஒரு நாள் மாப்பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "நீங்க விட்ட இடத்துலேருந்து அண்ணன் பூசி முடிச்சிட்டாரு. நீங்க போட்ட கோடுதான். தடவிப் பாருங்களேன்" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். முன்னாலிருந்து பின்னால்வரை போய்த் திரும்பி வந்தார். "இது... என் கைதான்டி" என்றார்.

"ஆமாங்க" என்றாள் அவள்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவளைக் கும்பிட்டிருக்கிறேன், மனதுக்குள். மறுநாள் மாப்பிள்ளை சவரம் செய்துகொண்டு பட்டறைக்கு வந்தார். படகு தண்ணீரில் இறங்கியது. அலைமேல் உட்காராமல் வழுக்கிக்கொண்டு போனது. அவருக்குப் பேர் வந்தது. வெளியே மூச்சு விடக் கூடாது என்று அவள் என்னிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். என் வாயில் இருந்த கொழுக்கட்டை அதுதான்.

விசாரணை அன்று இரண்டு படகுகளையும் பதிவு அலுவலகத்தின் பின்புறத்தில் பக்கத்துப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. அதிகாரி சின்ன வயசு, ஆனால் அவசரமில்லாத ஆள். கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு, மண்டியிட்டு, டேப்பை வைத்து அளந்தார். இடப்பக்கம் பின்பாதிக்கு வந்ததும் கை நின்றது. அங்கே ஓரத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு பட்டை துருத்திக்கொண்டு ஓடியது. வலப்பக்கம் அது இல்லை. இரண்டு படகிலும் அப்படியேதான்.

"இது எதுக்கு?" என்று முதலில் கடைக்குட்டியைக் கேட்டார்.

"வேகத்துக்கு சார். என் சொந்த ஆராய்ச்சி."

"அப்ப வலப்பக்கம் ஏன் இல்ல?"

கடைக்குட்டி வழுக்கையைச் சொறிந்தான். "அது... தொழில் ரகசியம் சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. மாப்பிள்ளையிடம் திரும்பினார். மாப்பிள்ளை குனிந்து அந்தப் பட்டையைத் தடவினார். ஒரு தடவை, இரண்டு தடவை. அவருக்குப் பொய் சொல்ல வராது, அது அவர் தலையெழுத்து.

"நானும் பாத்திருக்கேன் சார். பூசினவங்க தப்புன்னு விட்டுட்டேன். எதுக்குன்னு தெரியல."

"நீங்கதானே உருவாக்கினது?"

மாப்பிள்ளையின் கை அந்தப் பட்டைமேலேயே இருந்தது. "சொல்லேன்டா ஏதாவது!" என்று அவருடைய அக்காக்காரி பின்னாலிருந்து பல்லைக் கடித்தாள். "பாத்தீங்களா சார்? அவர் படகாம், அவருக்கே தெரியல!" என்று கடைக்குட்டி துள்ளினான்.

அப்போதுதான் தங்கச்சி முன்னால் வந்தாள். கை நடுங்கியது.

"அது என் தப்பு சார். அவர் எல்லாம் சரியாத்தான் செஞ்சாரு. நான்தான் நடுவுல கைய வச்சுக் கெடுத்துட்டேன்."

"என்ன தப்பும்மா?"

"அது... தையலுக்கு விட்ட இடம் சார்."

யாருக்கும் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சட்டை வெட்டும்போது ஓரத்துல அரை அங்குலம் கூட விட்டுத்தான் வெட்டுவோம். பழக்க தோஷத்துல தாளை அப்படியே வெட்டிட்டேன். படகுக்கு ஏது தையல்? வலப்பக்கம் வரும்போது ஞாபகம் வந்துச்சு, சரியா வெட்டினேன். இடப்பக்கம் பூச்சு காஞ்சு போச்சு. அதனால ஒரு பிரயோசனமும் இல்ல சார், ஒரு கெடுதலும் இல்ல."

அதிகாரி எழுந்து நின்றார். கடைக்குட்டியின் படகில் இருந்த பட்டையை விரலால் தட்டினார். பிரயோசனமில்லாத தப்பையும் சேர்த்து ஒருவன் 'ஆராய்ச்சி' செய்திருக்கிறான்! அதற்குமேல் அவனைக் கேட்க என்ன இருக்கிறது?

"அடியில நீளமா ஓடுதே இந்த மடிப்பு? அது யாரு வச்சது?"

தங்கச்சி மாப்பிள்ளையைப் பார்த்தாள். "அவர்தான்..." என்று ஆரம்பித்தாள்.

"எப்படி வருது இது? காட்டுங்க."

வக்கீலம்மா ஒரு தாளை நீட்டினாள். தாள் கைக்கு வந்ததும் என் தங்கச்சிக்கு நடுக்கம் நின்றுவிட்டது. அதைப் படகின் வயிற்றில் வைத்து ஒரு மடிப்பு, அதற்கு எதிராக இன்னொரு மடிப்பு. "துணிய நேரா வச்சுத் தச்சா இடுப்புல நிக்காது சார், புடைச்சுக்கும். அங்க ஒரு பிடிப்புப் பிடிச்சு விட்டா ஒடம்போட ஒட்டி இறங்கிடும். தண்ணியும் துணி மாதிரிதான். நேரா வந்து மோதினா அடிக்கும். இங்க பிடிச்சு, இங்க விட்டுட்டா, ஒதுங்கிப் போயிடும். மடிப்பைக் கடைசிவரைக்கும் கொண்டுபோகக் கூடாது, பின்னால மூச்சு முட்டும். அதனாலதான் ரெண்டு சாண் முன்னாடியே..."

சொல்லிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். எல்லாரும் தன்னையே பார்ப்பது அப்போதுதான் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ... நான் ஒண்ணும் சொல்லலங்க..." என்றாள் மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "மச்சான், உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவர் நேராகப் போய் வக்கீலம்மா கையிலிருந்த மனுவை வாங்கினார். உருவாக்கியவர் என்ற இடத்தில் இருந்த தன் பேரைக் குறுக்காக அடித்தார். "சார், தெரியாம போட்ட கையெழுத்து. தண்டனை இருந்தா எனக்குக் குடுங்க. பேரை மட்டும் அவளோடதா மாத்திடுங்க" என்றார்.

"பதியறதுக்கு முன்னாடி திருத்தலாம்" என்றார் அதிகாரி. "நீங்க தெரிஞ்சு செய்யலையே."

"தெரியாமத்தான் சார் இருந்தேன்... இருபது மாசம் அவ கைய என் கைன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்." மாப்பிள்ளை அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து, ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அந்த விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நான் எழுந்து நடக்கணும்னு உன்னையே அழிச்சுக்கிட்டியேடி... உன்னைப் போய் அந்தக் கேள்வி கேட்டேனே!"

"விடுங்க... எல்லாரும் பாக்கறாங்க..." என்று அழுதாள் அவள். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. நான் மரத்தில் தொங்கிய கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்காக்காரி மன்னிப்பெல்லாம் கேட்கிற ஜாதி இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு, "வா, வீட்டுக்குப் போலாம். காலைலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ" என்று தங்கச்சியின் தோளில் கை போட்டாள். அந்த வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிசு.

மறுநாள் தங்கச்சி அக்கரைக்குப் போனாள். நானும் போனேன், கைகலப்பு வந்தால் பார்க்க ஆள் வேண்டுமே. கடைக்குட்டி ஓடிவந்து காலில் விழுந்தான். "அக்கா! உன் வேலைன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருப்பேனா? அத்தானோடதுன்னுதானே... என்னை அடிச்சுடுக்கா!"

"அடுத்தவங்களோடதா இருந்தா திருடலாமா? எழுந்திரு. அந்த அச்சை உடை, நான் பாக்கணும்."

சம்மட்டியை எடுத்து உடைத்தான். ஒவ்வோர் அடிக்கும் அழுதான். முடிந்ததும் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இனிமே சொந்தமா ஒண்ணு செய்டா. கோணலா வந்தாலும் பரவால்ல, உன்னோடதா இருக்கட்டும். தெரியலன்னா வந்து கேளு" என்றாள். அவன் அவளைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல ஏங்கினான். அவனுடைய அழுகையை நாலு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். அழுது முடித்ததும் நன்றாகத் தூங்குவான், அவ்வளவுதான். அவள் நம்பினாள். நம்புகிறவள் அப்படித்தான்.

நான்கு மாதம் கழித்துப் பதிவுச் சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டினார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால், "உன் பேர் எங்கே இருக்கு?" என்று மட்டும் தங்கச்சியைக் கேட்டேன். விரலை வைத்துக் காட்டினாள். அந்த இடத்தை நானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. இந்த ஊரில் படகு செய்கிறவன் அத்தனை பேரும் படித்துப் பார்க்கட்டும்.

"இனிமே பத்து வருஷத்துக்கு இந்த வடிவத்தை எவனும் தொட முடியாது மச்சான்!" என்றார் மாப்பிள்ளை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"பதினோராவது வருஷம்?" என்றேன்.

மாப்பிள்ளை தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி அக்காக்காரியைப் பார்த்தாள். மூன்று பேரும் கண்ணாடிக்குள் இருந்த சான்றிதழைப் பார்த்தார்கள். நான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.