இருட்டாக வந்த படம்

நிலவின் பனிக்குழிக் குடியிருப்பில் ஒருவருடைய வயிற்றுக்குள் கேமரா விடுகிறார்கள் என்றால், சொந்தக்காரர்கள் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து பெரிய திரைக்கு முன்னால் இடம் பிடித்துவிடுவார்கள். அங்கே வேறு பொழுதுபோக்கு குறைவு. நோயாளியும் மார்புக்குக் கீழே மரத்துப்போன உடம்போடு, விழித்தபடியே அவர்களோடு அரட்டையடிப்பார்.

அன்று படுத்திருந்தவர் மங்கையர்க்கரசி. அவருடைய இரைப்பையில் ஒரு புற்றுக்கட்டி. அது இரைப்பையோடு நின்றிருந்தால் இன்றே வெட்டியெடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்வார். வயிற்றறை முழுக்கச் சிதறியிருந்தால் வெட்டிப் பயனில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சிதறலைத் தேடத்தான், அறுவை இயந்திரரான சல்லியர் உள்ளே பூட்டொளியைத் தெளித்தார்.

பூட்டொளி ஓர் அழகான ஏற்பாடு. அது ஒரு சாயம். ஆனால் சும்மா ஒளிராது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு சின்னத் துணுக்கு பூட்டாகத் தொங்கும். புற்றணுக்களின் மேற்பரப்பில் ஒரு நொதி மிகுதியாக இருக்கிறது. நொதியை உடம்பு தனக்குத் தானே செய்துகொள்ளும் கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பூட்டைக் கத்தரித்ததும் சாயம் பச்சையாக ஒளிரும். புற்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்! நல்ல அணுக்களிடம் அந்தக் கத்தரிக்கோல் குறைவு. அங்கே இருட்டு.

எல்லோரும் காத்திருந்தார்கள். திரை கறுப்பாகவே இருந்தது.

“பரவவில்லை!” என்றார் சல்லியர். மகிழ்ச்சியில் இயந்திரக் குரல் அரைச் சுருதி ஏறிவிட்டது.

முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது.

“என்ன டாக்டரே, ஒண்ணுமே தெரியல?” என்றார் மங்கையர்க்கரசியின் அண்ணன் கோதண்டம்.

“தெரியாததுதான் நல்ல செய்தி.”

“மருந்து பழசோ என்னமோ. மாப்ள, நீங்க சொல்லுங்க.”

கணவர் திருவேங்கடம் தலையைச் சொறிந்தார். “இவ்ளோ பெரிய மிஷின்ல ஒரு புள்ளிகூடவா வராது, மச்சான்?”

“அதான்! செவ்வாய்ல புது மிஷின் எறக்கியிருக்கானாம். அங்க ஒருதடவ காமிச்சிருவோம்.”

“ஏழு மாதப் பயணம். அதற்குள் பரவிவிடும்,” என்றார் சல்லியர்.

“பரவுனா நல்லாத் தெரியும்ல?”

“அண்ணே!” என்று அதட்டினார் மங்கையர்க்கரசி. பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆனா டாக்டரே, எனக்கும் ஒரு மாதிரி ஏமாத்தமாத்தான் இருக்கு.”

குடியிருப்புச் சட்டப்படி, உறவினர் இருவர் விரல் பதிக்காமல் கத்தியைத் தொட முடியாது. பொய் சொல்லவும் வழியில்லை. பொய் சொல்வதற்கான உதிரிப்பாகத்தை நிர்வாகம் அவருக்கு வாங்கித் தரவில்லை. சல்லியர் அரை நொடி யோசித்தார். அவருக்கு அது மிக நீண்ட நேரம். பிறகு, பயந்துவிடுவார்களே என்று அதுவரை காட்டாமல் வைத்திருந்த இரைப்பைக் கட்டியின் பக்கம் கேமராவைத் திருப்பினார்.

பளீரென்று பச்சை.

“வந்துருச்சு! வந்துருச்சு!” திருவேங்கடம் எழுந்து கைதட்டினார். “பாத்தியா மங்கை, மிஷின் வேல செய்யுது!”

“நகருங்க, மறைக்குது! யம்மா, என்னா கலரு!” என்றார் மங்கையர்க்கரசி, படுத்தபடியே.

“இது முன்பே தெரிந்த கட்டிதான்...” என்றார் சல்லியர். யார் கேட்டார்கள்? கோதண்டமும் திருவேங்கடமும் முண்டியடித்துக்கொண்டு விரல் பதித்தார்கள். இரைப்பை வெளியே வருவதற்குள் கட்டியின் படம் குடியிருப்பு முழுக்கச் சுற்றிவந்துவிட்டது. கறுப்புப் படத்தை ஒருவரும் கேட்கவில்லை.

ஓராண்டுக்குப் பிறகு மறுபரிசோதனை. மங்கையர்க்கரசி நன்றாகத் தேறியிருந்தார். மறுபடியும் பூட்டொளி, மறுபடியும் முறுக்கு. திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு புள்ளி இல்லாத, குளிர்ந்த இருட்டு.

கோதண்டம் பொட்டலத்தை மடித்துக்கொண்டே பெருமூச்சு விட்டார்.

“என்ன இருந்தாலும் டாக்டரே, போன தடவை மாதிரி இல்ல.”