வாய் வெட்டிய சுவர்

அம்மா செத்த அறையில் பூச்சு வேலை நடக்கிறது, வந்து கூட நில் என்று அப்பா கூப்பிட்டபோதே மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இருந்தவரை அந்த அறையில் ஒரு ஆணி அடிக்க ஆள் கூப்பிடாத மனுஷன். இப்போது வாடகைக்கு விடப்போகிறாராம், விரிசல் கண்ணை உறுத்துகிறதாம். "உங்கம்மா தூக்கத்துலயே போயிட்டா, ஒரு சத்தம் போடல" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவந்த கதையை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. இன்றைக்கு முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்றுதான் வந்தாள்.

பழைய வீடு. பட்டப்பகலிலும் அந்த அறைக்குள் விளக்குப் போடவேண்டியிருந்தது. பூட்டியே கிடந்த இடத்தில் புழுக்க வாடைதானே வரவேண்டும்? தைல வாசம் வந்தது, இப்போதுதான் யாரோ நெஞ்சில் தேய்த்துக்கொண்ட மாதிரி.

கொத்தனார் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்தார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. மயிரிழை விரிசல்தான், மேல்பூச்சோட நிக்குது." பென்சிலால் குறித்துக்கொண்டே போனவர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா மூலையில கிளம்பாம எல்லாமே கட்டில்கிட்ட ஆரம்பிச்சுக் கதவைப் பார்த்தே போகுதே. இப்படி நான் பார்த்ததில்ல."

"பார்த்தது போதும், பூசுங்க" என்றார் அப்பா.

"அப்படியே பூசினா நிக்காதுங்க. முதல்ல வாய் வெட்டணும்."

"என்னது?"

"விரிசலைக் கொஞ்சம் அகலமா வெட்டி விடறது. வாயைத் திறந்துவிட்டாத்தான் கலவை உள்ள போகும். அப்புறம் மூடிடலாம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். 'வாயை மூடு' என்பதைத் தவிர அம்மாவிடம் இந்த மனிதர் வேறென்ன பேசியிருக்கிறார்?

உளி இறங்கியது. பொடி உதிர்ந்தது. தைல வாசம் மூக்கில் ஏறியது.

சுவருக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

கொத்தனாரின் கை நின்றது.

"என்னங்க..."

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த குரல்.

"என்னங்க... நெஞ்சை அடைக்குது... கதவைத் திறங்க..."

அப்பா திரும்பக்கூட இல்லை. கொசு விரட்டுகிறவர் போல, பழக்கதோஷத்தில் வந்துவிட்டது அவர் வாயில்:

"வாயை மூடுடி! வெளிய ஆளுங்க உட்கார்ந்திருக்காங்கல்ல?"

வெளியே கூடத்தில் ஈ காக்கை இல்லை.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. முகம் வெளிறிப்போனது. கொத்தனார் உளியைப் போட்டது போட்டபடி ஓடினார், செருப்பைக்கூட மாட்டவில்லை.

"அன்னைக்கு வெளிய யாருப்பா உட்கார்ந்திருந்தாங்க?"

"அது வந்து... நாலு பேர் வந்திருந்தாங்கம்மா. இவ உள்ள முனகிட்டே இருந்தா. மானம் போகுதேன்னு தாழ்ப்பாளைப் போட்டேன். நடிக்கிறான்னு நினைச்சுட்டேன்."

அவள் அப்பாவை நெருங்கி வந்தாள். பயம் இல்லை, ஆத்திரம். பேசியது அவளைப் பெற்றவள், அவள் எதற்குப் பயப்படவேண்டும்?

"பாவி மனுஷா! நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கூப்பிட்டவளை உள்ள வெச்சுப் பூட்டினீங்களா? எத்தனை தடவை கூப்பிட்டாங்க?"

"ஒரே தடவைதான்மா. சத்தியமா ஒரே தடவை."

டொக்.

கதவோரம் பூச்சுப் பெயர்ந்து விழுந்தது. உளியே படாத விரிசல், தானாக வாய் திறந்தது.

"என்னங்க..."

பக்கத்தில் இன்னொன்று.

"என்னங்க..."

ஜன்னலுக்குக் கீழே. கட்டில் தலைமாட்டில். அவர் முதுகுக்குப் பின்னால்.

அப்பா காதைப் பொத்திக்கொண்டு தரையில் சரிந்தார். "நிறுத்தச் சொல்லும்மா... நீ சொன்னா கேப்பா..."

"நான் எதுக்குச் சொல்லணும்? உங்களைத்தானே கூப்பிடறாங்க. உட்கார்ந்து எண்ணுங்க."

அறைக் கதவை விரியத் திறந்து, அசையாமலிருக்க ஒரு செங்கலை முட்டுக் கொடுத்துவிட்டு அவள் தெருவில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை வரைக்கும் கேட்டது. பூச்சு விழும், அம்மா கூப்பிடுவாள். மறுபடி விழும்.