குரல் மட்டும்

பரிதா கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, வழக்கமாகச் சொல்லும் வார்த்தையைத்தான் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல... நான் பக்கத்துலதானே இருக்கேன்."

நாய் வாலை ஆட்டவில்லை. நின்ற இடத்திலேயே விறைத்துப் போனது. பின்னங்கால்களுக்கு நடுவே சிறுநீர் பிரிந்து தகரத் தட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிறகு யாரும் கேட்காமலேயே, கட்டுப் போட்டிருந்த முன்னங்காலைக் கம்பிகளுக்கு வெளியே நீட்டியது. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

வண்டலூர் பக்கம் லாரியில் அடிபட்டு வந்த நாய் அது. நிறத்தைப் பார்த்து வெல்லம் என்று அவள்தான் பெயர் வைத்தாள். வந்த புதிதில் இரண்டு பேரைக் கடித்திருந்தது. அவள் குரலைக் கேட்டுத்தான் முதல் வாய் சோறு தின்றது. போன மாதம் வரை அவள் படியேறும் சத்தத்துக்கே குழைந்து முனகிய நாய்.

"இன்னா அப்பாதுரை, இது ஏன் இப்படிப் பண்ணுது?"

பினாயில் வாளியோடு தரையைக் கழுவிக்கொண்டிருந்த அப்பாதுரை சிரித்தான். "உன் மேல மரியாதக்கா அதுக்கு. உன் கொரல கேட்டா அப்படியே அடங்கிடுது. எனக்கும் ஒரு கேசட்டு போட்டுக் குடேன், வூட்ல ஓட வுடறேன். எம் பொண்டாட்டி அடங்குறாளான்னு பாக்கலாம்."

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போனான்.

செம்பாக்கம் ஏரிக்கரையில், சுவரெல்லாம் பாசி பிடித்த பழைய மாடி வீடு அது. கீழே மிருகங்களுக்கான சிகிச்சை அறை. மாடியில் எழுந்து நடக்க முடியாத நோயாளிகளுக்கு ஆறு கட்டில்கள். டாக்டர் ராஜாராமன் ஓர் ஆராய்ச்சிக்காக இரண்டையும் ஒரே கூரையின் கீழ் நடத்திவந்தார். மனிதனுக்குச் செய்கிற பராமரிப்பையும் மிருகத்துக்குச் செய்கிற பராமரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ளலாம் என்பார். குரலை உயர்த்திப் பேசாதவர். தெருவில் போகிற மாடு நொண்டினால்கூட வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்ப்பார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் பரிதாவின் கணவர் அயூப், தாம்பரம் மார்க்கெட்டில் தன் வாட்ச் ரிப்பேர் கடையிலேயே மயங்கி விழுந்தார். வலது பக்கமும் பேச்சும் போயின. படுத்தே கிடந்ததில் இடுப்பிலும் இடது குதிகாலிலும் புண் வைத்துவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மற்ற இடங்களில் கைவிரித்தபோது, இந்த டாக்டர்தான் காசு வாங்காமல் ஒரு கட்டில் கொடுத்தார். பரிதாவுக்கு அங்கேயே ஆயா வேலையும் கொடுத்தார். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவள் கணவருக்காகக் கேட்பதற்கு முன்பே டாக்டருக்காகத்தான் துஆ கேட்டாள்.

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவர் டேப் ரெக்கார்டரோடு வந்தார்.

"பழகின குரல் பக்கத்துல இருந்தா வலி கொறையுதான்னு பாக்கப் போறோம் பரிதா. மனுஷங்களுக்கும், கீழ இருக்கறதுங்களுக்கும். உங்க குரல்ல ஏதோ இருக்கு. நீங்க எப்பவும் சொல்வீங்களே, அதையே சொல்லுங்க. கண்ணு, செல்லம்னு சேர்க்காதீங்க. யார் பேரும் வேண்டாம். எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்."

அவள் கூச்சத்தோடு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள். ஒண்ணுமில்ல. நான் பக்கத்துலதானே இருக்கேன். இதோ முடிஞ்சிடுச்சு. தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் முகந்து கொடுத்தவளின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்று சின்ன வயதில் மதரஸாவில் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது. தண்ணீர்கூட இல்லை, வெறும் நாலு சொல். அதனால் ஒரு ஜீவனின் வலி குறையுமென்றால் சொல்லிவிட்டுப் போகலாமே. தான் வீட்டுக்குப் போன பிறகும் தன் குரலாவது அயூபின் பக்கத்தில் இருக்கும். அன்போடு சொன்ன சொல் யார் கைக்குப் போய்ச் சேரும் என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று காலை நாயின் பார்வை மனதில் ஒட்டிக்கொண்டிருக்க, அவள் கைகால் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள். டெட்டால் வாசனைக்கு அடியில், ஈரப் பஞ்சும் பழைய இரத்தமும் கலந்த இனிப்பான ஒரு வாடை. பக்கத்துக் கட்டிலில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கங்கையம்மாள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவளுக்கும் பேச்சு கிடையாது. அங்கே ஆறு பேருக்குமே பேச்சு கிடையாது. அதைப் பரிதா தனியாக நினைத்துப் பார்த்ததில்லை.

"ஏங்க, கொஞ்சம் திரும்பிக்கலாமா? ஒண்ணுமில்ல... நான் பக்கத்துலதானே இருக்கேன்."

அயூபின் கண்கள் நிறைந்து வழிந்தன. ஒரு மாதமாகவே இப்படித்தான். அவள் வாயைத் திறந்தாலே அழுகிறார். இருபத்து மூன்று வருட வாழ்க்கையில் ஒரு நல்ல வார்த்தை வாய்விட்டுச் சொல்லாத மனிதர், இப்போதுதான் பாசத்தைக் காட்டுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். முந்தானையால் துடைத்துவிட்டாள். "அட, நான் எங்க போயிடப் போறேன்?"

அவருடைய இடது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது. விரல்களைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நகங்களுக்குள் பச்சையாக ஏதோ அடைந்திருந்தது. அவள் தீக்குச்சியால் ஒவ்வொரு நகமாகச் சுத்தம் செய்தாள். கட்டிலின் பெயிண்ட். கம்பியில் ஐந்து விரல் பிடிக்கும் இடத்தில் மட்டும் பச்சை உரிந்து இரும்பு தெரிந்தது.

நாலு மணிக்கு டாக்டர் மாடிக்கு வந்தார். "கெளம்புங்க பரிதா, மழை புடிச்சிக்கும். டிரெஸ்ஸிங் நேரத்துல வீட்டாளுங்க இருந்தா பேஷன்ட்டுக்குத் தைரியம் போயிடும்."

"மரத்துப்போற ஊசி போட்டுட்டுத்தானே சார் பண்றீங்க?"

"அவருக்கு எது வேணுமோ அதைக் கொடுக்கறோம்மா."

தாம்பரம் போய்ச் சேரும்போதே முழங்கால் தண்ணீர். அவள் வீடு இருக்கிற அனகாபுத்தூருக்கு வண்டி கிடையாது, ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது என்றார்கள். அவள் சந்துக்குள் படகுதான் போகவேண்டும் என்று ஒரு கண்டக்டர் சிரித்தார். நின்று நின்று பார்த்துவிட்டு, இன்றைக்கு அயூபின் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கொள்ளலாம் என்று திரும்பினாள். நினைத்துப் பார்த்தால் அது ஒரு சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஏரிக்கரைக்கு வந்தபோது கரண்ட் இல்லை. அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு மழைக்குள் எங்கோ கரைந்து கேட்டது. வானமும் ஏரியும் ஒரே சாம்பல் நிறத்தில் சேர்ந்து கிடக்க, அந்த வீடு மட்டும் அதைவிடக் கறுப்பாக நின்றது. பின்பக்கக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஈர ரோமத்தின் நாற்றம், ஸ்பிரிட்டின் காட்டம், எங்கோ தகரத்தில் சொட்டும் தண்ணீர். புதிதாக யார் நுழைந்தாலும் பதினோரு கூண்டுகளும் ஒரே நேரத்தில் கத்தும். இன்று ஒன்றும் கத்தவில்லை.

அவள் தடவித் தடவிக் கூண்டுகளைக் கடந்தாள். கண் பழகியதும் தெரிந்தது. எதுவும் தூங்கவில்லை. எல்லாம் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொரு கூண்டிலிருந்தும் ஒரு கால் வெளியே நீண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மாடியிலிருந்து.

"ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல..."

அவள் குரல்.

தன் குரலை வெளியிலிருந்து கேட்கும்போது அது தன்னுடையதாகவே இருக்காது என்று ரெக்கார்ட் செய்த அன்று அவள் சிரித்திருந்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. பேட்டரி தளர்ந்ததாலோ என்னவோ, குரல் கொஞ்சம் இழுத்தது. அதனால் இன்னும் கனிவாகக் கேட்டது. ஒவ்வொரு 'ஒண்ணுமில்ல'வுக்கும் நடுவே ஒரு சின்ன ஒலி. கத்தரிக்கோல் மூடுகிற ஒலி.

படிகள். ஒன்று. இன்னொன்று. சுவரின் ஈரம் உள்ளங்கையில் ஒட்டியது.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எமர்ஜென்சி லேம்பின் வெளிச்சத்தில் டாக்டரின் முதுகு. டேப் ரெக்கார்டர் அயூபின் தலையணை மேல், காதோடு ஒட்டி. அவரை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. பிடிக்கத் தேவையிருக்கவில்லை. புண் பட்ட காலை அவரே நீட்டியிருந்தார். வாய் முழுக்கத் திறந்திருந்தது. சத்தம் இல்லை. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்திருந்தன. இடது கை கம்பியில். கண்கள் கதவில்.

பக்கத்துக் கட்டிலில் கங்கையம்மாள், தன் முறைக்காகக் காலை நீட்டிவைத்துக் காத்திருந்தாள்.

பரிதா எப்படி உள்ளே போனாள் என்று அவளுக்கே தெரியாது. டேப் ரெக்கார்டரைப் பிடுங்கிக் கேசட்டை உருவினாள். அதன் மேல் டாக்டரின் அழகான கையெழுத்து: குரல் மட்டும்.

"சார்! ஊசி எங்க சார்?"

ராஜாராமன் திடுக்கிடவில்லை. கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு, வருத்தப்படுவதுபோல அவளைப் பார்த்தார். "மழையில நனைஞ்சிட்டீங்களே."

"ஊசி போட்டீங்களா?"

"பாதிப் பேருக்கு ஊசியும் குரலும். பாதிப் பேருக்குக் குரல் மட்டும். அப்பதானே வித்தியாசம் தெரியும்?" கட்டிலில் கிடந்த நோட்டை அவள் பக்கம் நகர்த்தினார். 'குரல் மட்டும்' என்ற தலைப்பின் கீழ் ஒரே மையில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெயர்கள். அயூப். கங்கையம்மாள். வெல்லம். எதிரே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குறிப்பு. பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. பிடிக்க ஆள் தேவைப்படவில்லை. முப்பத்தொரு நாள். "பாருங்க, ஒருத்தர்கூடக் கத்தறதில்ல. உங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

"வலிக்குதான்னு அவங்கள கேட்டீங்களா?"

"கேட்டா சொல்லத் தெரியாதவங்களாப் பாத்துத்தானேம்மா சேர்த்திருக்கோம்."

அதைச் சொன்னபோதும் அவர் முகத்தில் அந்தப் பழைய கனிவு. நொண்டும் மாட்டைப் பார்க்கும் அதே முகம். அவருக்காகக் கேட்ட துஆக்கள் எல்லாம் பரிதாவின் நெஞ்சில் கற்களாக இறங்கின.

லேம்ப் மங்கத் தொடங்கியது. அவர் அதை எடுத்துக்கொண்டார். "கீழ போய் மெழுகுவத்தி கொண்டு வர்றேன். அதுவரைக்கும் அவர்கிட்ட பேசிட்டு இருங்க. உங்க குரல்தானே அவருக்கு மருந்து."

வெளிச்சம் படியிறங்கிப் போயிற்று.

இருட்டில் அவள் அயூபின் பக்கத்தில் மண்டியிட்டாள். அவருக்குச் சொல்ல வேண்டும். நான் இல்லை என்று. எனக்குத் தெரியாது என்று. காலையில் நான் வந்தபோதெல்லாம் நீங்கள் அழுதது எதற்கென்று இப்போதுதான் புரிகிறது என்று. ஆனால் சொல்வதற்கு அவளிடம் இருந்தது அந்த ஒரு குரல்தான்.

"ஏங்க..."

கட்டில் அதிர்ந்தது. அவர் உடம்பு முழுக்க விறைத்தது.

"ஏங்க, நான் இல்லைங்க. அது நான் இல்ல..."

போர்வைக்குள்ளிருந்து அவர் கால் மெல்ல, மிக மெல்ல, அவளை நோக்கி நீண்டது.

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இனி பேசக்கூடாது. தொட்டால் போதும். கையைத் தேடிப் பிடித்தாள். ஈரமாக இருந்த அந்த விரல்கள் முதலில் உதறின. பிறகு நின்றன. பிறகு ஒவ்வொன்றாக அவள் விரல்களைத் தடவின, பழைய வாட்ச் ஒன்றைத் திறந்து பார்ப்பதுபோல. அவளுக்கு அடையாளம் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. வெளியே மழை மட்டும்.

இவரைத் தோளில் போட்டுக்கொண்டாவது இறங்கிவிட வேண்டும். இப்போதே. அவள் எழுந்தாள்.

படியில் காலடிச் சத்தம்.

மெழுகுவத்தி வெளிச்சம் இல்லை. வெறும் காலடி. ஈரமான, வெறுங்கால். ஒரு படி. நின்றது. இன்னொரு படி.

கீழே பதினோரு கூண்டுகளிலும் நகங்கள் ஒரே நேரத்தில் தகரத்தில் சுரண்டின. அடங்கின.

"ஒண்ணுமில்ல..."

அவள் கேசட்டை இறுக்கினாள். அது அவள் கையில்தான் இருந்தது. ரெக்கார்டர் கட்டிலில் வாய் பிளந்து கிடந்தது, காலியாக.

"ஒண்ணுமில்ல, பரிதா."

கேசட்டில் யார் பேரும் கிடையாது. டாக்டர் வேண்டாமென்று சொல்லியிருந்தார். அவள் சொல்லவே இல்லை.

"நான் பக்கத்துலதானே இருக்கேன்."

எவ்வளவு அன்பான குரல். அவளுக்கே இவ்வளவு நாள் தெரியவில்லை. கேட்கக் கேட்கக் கால்கள் தரையோடு பதிந்தன. கத்த வேண்டும். தொண்டையில் குரல் இல்லை.

அயூபின் கை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து. இன்னும் ஒருமுறை.

கதவு திறந்தது.

"இதோ முடிஞ்சிடுச்சு."

பரிதாவின் இடது கை தானாக எழுந்து, இருட்டுக்குள் நீண்டது. அவள் முகம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.