புதுச்சத்திரத்தில் உறுமிய கார்

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிரே இருந்த ஜெயராணியின் அலுவலகத்துக்குள் கலியமூர்த்தி நுழைந்தபோது, டேனியின் வாயில் பாதி வடை இருந்தது. வந்தவர் நாற்காலியைக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து நின்று அழ ஆரம்பித்துவிட்டார். ஐம்பது வயது மெக்கானிக் தேம்பி அழுவதைப் பார்த்துக்கொண்டு மனுஷன் வடையை எப்படி விழுங்குவது?

"பழைய பிளேட்ட மாட்டி ஜோசப்ராஜ் அண்ணனக் கொன்னுட்டேனாம் மேடம். அவரு மவன் சார்லஸ் நாளைக்கு ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறான். ஊரே நம்பிடுச்சு. ஒரு வண்டி ஷெட்டுப் பக்கம் வரல. இருவது வருஷமா பழகுன மனுஷனுக்கு நான் அப்படிப் பண்ணுவனா?"

அது 2009ஆம் ஆண்டு ஆடி மாதம். ஜெயராணி, விபத்தில் சிக்கிய வண்டிகளை இன்சூரன்சுக்காகப் பார்த்து அறிக்கை எழுதுபவர். படம் எடுப்பது டேனியின் வேலை. சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்தாலும், தான் பாதித் துப்பறிவாளன் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

நடந்தது இதுதான். கடைகளுக்கு நோட்டு, பேனா போடும் ஜோசப்ராஜ், போன வாரம் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். புதுச்சத்திரம் அருகே ஒரு லாரியை முந்தப் பார்த்தார். எதிரே பேருந்து. "எஞ்சின் அந்தக் கத்து கத்துது, வண்டி மட்டும் வேகமே எடுக்கல" என்றார் பார்த்துக்கொண்டிருந்த டீக்கடைக்காரர். எஞ்சினின் ஓட்டத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது கிளட்ச் பிளேட். அது வழுக்கினால் எஞ்சின் உறுமும், கார் ஓடாது. அந்த பிளேட்டை மூன்று மாதத்துக்கு முன்புதான் கலியமூர்த்தி மாற்றியிருந்தார்.

அன்று மத்தியானமே நொறுங்கிய காரிலிருந்து பிளேட்டைக் கழற்ற வைத்தார் ஜெயராணி. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளட்ச் பெடலின் ரப்பரை விரலால் தடவினார்.

"பளபளன்னு தேஞ்சிருக்கு. பக்கத்துல பிரேக் பெடலப் பாரு, வரியெல்லாம் அப்படியே இருக்கு."

"அப்ப மெக்கானிக் மேலதான் தப்பா மேடம்?" என்றான் டேனி, ஆவல் தாங்காமல்.

"படத்த எடு" என்றார் அவர்.

சாயங்காலம் ஜோசப்ராஜின் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிய டேனி, மூலையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "இங்க பாருங்க மேடம், மூணு ஆம்பளச் செருப்பு. மூணும் வலது கால்!" துக்க வீடு என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஜெயராணி மட்டும் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

உள்ளே மெழுகுவத்திக்குப் பின்னால் ஜோசப்ராஜின் படம். அதன் கீழே அவர் மனைவி இன்னாசிமேரி உட்கார்ந்திருந்தார். சென்னையில் வேலை பார்க்கும் சார்லஸ், ஜெயராணியின் பின்னால் வந்த கலியமூர்த்தியைக் கண்டதும் எழுந்துவிட்டான்.

"இந்தாளு எதுக்கு இங்க வந்தாரு?"

"நான்தான் வரச் சொன்னேன். அம்மா, வாசல்ல இருக்கற செருப்புக்கெல்லாம் ஜோடி எங்க?"

"அத ஏம்மா கேக்குற! கோயில் வாசல்ல உட்டா எவனோ தூக்கிட்டுப் போயிடுறான்னுவாரு. ஒரு செருப்பக்கூடப் பாத்துக்கத் துப்பில்லியான்னு நானும் திட்டித் தீத்துட்டேன்."

"திருடுறவன் ஒத்தச் செருப்பையா திருடுவான், அதுவும் மூணு தடவையும் இடது கால்?" ஜெயராணி குரலை உயர்த்தவே இல்லை. "அவருக்குச் சர்க்கரை இருந்துச்சா?"

"பத்து வருஷமா."

ஜெயராணி சார்லஸைப் பார்த்தார். "தம்பி, பிளேட்டுல கம்பெனி முத்திரை அழியாம இருக்கு, அது புதுசுதான். எண்ணெய்ப் பிசுக்கு இல்ல, அதனால எண்ணெய் ஒழுகி வழுக்கல. கிளட்ச் கேபிளும் சரியாத்தான் மாட்டியிருக்கு. ஆனா பிளேட்டு எரிஞ்சு, பக்கத்து இரும்பு சூட்டுல நீலம் பாஞ்சு கெடக்கு. கிளட்ச் பெடல்ல ஓயாம இடது கால் இருந்தா மட்டும்தான் புது பிளேட்டு இப்படி எரியும்."

"அப்பா முப்பது வருஷமா கார் ஓட்டுறவரு. அவரு போயி பெடல்ல கால வச்சுட்டே ஓட்டுவாரா?"

"வைக்க மாட்டாரு. கால் அங்க இருக்குறதே அவருக்குத் தெரியல. சர்க்கரை முத்துனா பாதம் மரத்துப் போயிடும், இவருக்கு இடது பாதம் ரொம்ப மோசம். நடக்கும்போது செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்துதான் பாத்திருப்பாரு."

கலியமூர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ! கிளட்சே இல்லாத காரு வருதாமே, நமக்குக் கெடைக்குமான்னு போன மாசம் கேட்டாருங்க. வயசான காலத்துல சோக்கப் பாருன்னு சிரிச்சுட்டேனே!"

அப்படியென்றால் கால் மரத்துப்போனது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் மறைத்திருக்கிறார். வாசலில் சிரித்த சிரிப்பை நினைத்து டேனிக்கு வெட்கமாக இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றான் சார்லஸ். "அன்னிக்கே சாவியப் புடுங்கிட்டு மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

"அதனாலதான் தம்பி சொல்லல" என்றார் ஜெயராணி.

சார்லஸ் உட்கார்ந்துவிட்டான். தலையைத் தூக்காமலே, "கம்ப்ளைண்ட் குடுக்கல மாமா. மன்னிச்சுக்குங்க. ஷெட்டத் தொறங்க. நானே நாலு பேருகிட்டச் சொல்றேன்" என்றான். கலியமூர்த்தி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதார். பேர் மீண்ட மனிதரின் முகத்தில் துளியும் மகிழ்ச்சி இல்லை.

இன்னாசிமேரி மட்டும் அழவில்லை. எதையோ யோசித்தபடியே ஜெயராணியின் பக்கம் திரும்பினார்.

"தெனம் படுக்கறதுக்கு முன்னால அந்தக் கால்லதான் எண்ணெய் போட்டுப் புடிச்சு உடுவேன். சொகமா இருக்கு மேரி, இன்னும் கொஞ்சம் புடிம்பாரு. நான் புடிச்சுவுட்டதுகூட அவருக்குத் தெரிஞ்சிருக்காதாம்மா?"

ஜெயராணி எழுந்துபோய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எண்ணெய் பழகிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சிருக்கும்மா. நல்லாத் தெரிஞ்சிருக்கும்."

ஆதாரமில்லாமல் ஜெயராணி மேடம் ஒரு வார்த்தை பேசி டேனி கேட்டது அன்றைக்குத்தான்.